சோற்றுக்குப் பழகிய நாயும் பழகாத பூனையும்

பினாங்குத் தீவை 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியின் கீழ்க் கொண்டுவந்தபோது, ஜார்ஜ் டவுன் நகருக்கு எல்லையாக முதலில் வகுக்கப்பட்ட தெருக்கள் நான்கு. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரைத் தெரு, மேற்கே பிட் தெரு. தெற்கெல்லையாக நின்றது மலபார் தெரு. இந்த நான்காவது தெருவே பின்னர் சூலியா தெரு எனப் பெயர் பெற்றது. சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகரையும் உழைப்பாளரையும் சூலியர் என்று அழைத்தனர். ‘சோழ’ என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பது பலர் கொள்கை. நாகூரும் நாகப்பட்டினமும் காரைக்காலும் பரங்கிப்பேட்டையும் அவர்தம் தாயகத் துறைகள். 1794-ல் லைட் எழுதிய குறிப்பிலேயே இங்குத் தங்கிக் கடை வைத்திருந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் எனக் கூறப்படுகிறது. 1801-ல் காதர் முகைதீன் என்னும் கப்பித்தான் கெலிங் பெயரால் அமைந்த பள்ளிவாசலும், தெரு முனையில் எழுந்த நாகூர் தர்காவும் அக்குடியேற்றத்துக்கு இன்றளவும் சான்று கூறி நிற்கின்றன.

ஆயிரம் பேர் தங்கும் தெருவில் ஆயிரம் பேருக்குச் சோறு வேகவேண்டும். அவருட் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர். ஆகவே சமையல் பெரும்பாலும் கடைச் சமையலாகவே இருந்தது. தோளில் கோலிட்டு, ஒரு புறம் சோற்றுப் பானையும் மறு புறம் குழம்புச் சட்டியுமாகத் தூக்கித் திரிந்து விற்ற உணவே ‘நாசி கண்டார்’ எனப் பெயர் பெற்றுப் பினாங்கின் அடையாளமாகிவிட்டது. மலாய் மொழியில் ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது காவடித் தண்டு. நம் நாட்டுக் காவடி முருகன் கோயிலுக்குப் போயிற்று. பினாங்குக் காவடி பசித்தவனிடம் போயிற்று.

சோற்றுக் கடை உள்ள இடத்தில், காசு கொடாமல் உண்ணக் காத்திருக்கும் இருவர் உண்டு. ஒன்று நாய், மற்றொன்று பூனை. சூலியா தெருவில் இவ்விருவருள் பூனைக்கே முதலிடம். இசுலாமிய மரபில் பூனை தூய பிராணி. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவருக்கு ‘பூனைக்குட்டியின் தந்தை’ எனப் பொருள்படும் அபூ ஹுரைரா என்ற பெயரே நிலைத்தது. தமிழ்க் கடற்கரை முஸ்லிம்களும் மலாய்க்காரரும் பின்பற்றும் ஷாஃபி நெறியிலோ நாயின் எச்சில் விலக்கப்பட்டது. எனவே பூனை மேசைக்கடியில் அமர்ந்தது. நாய் சாக்கடையோரத்தில் நின்றது. ஆனால் இருவர் முன்னும் வந்து விழுந்தது ஒரே உணவுதான்: குழம்பு பிசைந்த சோறு, மீன் முள், எப்போதாவது ஒரு மீன் தலை.

இந்த ஒரே உணவை இரு வயிறுகளும் ஒரே வகையாகவா ஏற்கின்றன? இக்கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆனால் இதற்கு விடை தேடிய பாதை, நம்மவர் கப்பலேறிய அதே கடல் வழியே சென்று, மனிதர் பல்லாயிரவரை மாய்த்த ஒரு நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தது. நாய், பூனை, கோழி ஆகியவற்றின் தீனியிலிருந்து மனிதனின் தட்டு வரை அப்பாதை நீள்கிறது.

முதலில் நாயை நோக்குவோம். ஓநாயின் வழிவந்த நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் வேட்டுவனாக இருந்த காலத்திலேயே அது அவனுடன் இருந்தது. சங்கப் பாடல்களில் கானவனோடு செல்லும் ஞமலி அந்தப் பழைய உறவின் தொடர்ச்சியே. பிறகு மனிதன் உழவனானான். இறைச்சி குறைந்தது, கூழும் கஞ்சியும் மிகுந்தன. நாய் அவனை விட்டுப் போகவில்லை. தன் குடலை மாற்றிக்கொண்டது! இது கவிதை மிகையன்று. 2013-ல் சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் ஆக்சல்சனும் அவர் குழுவினரும் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டனர். மாச்சத்தைச் சிதைக்கும் அமிலேசு என்னும் நொதியைக் கணையத்தில் ஆக்குவிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகளே உண்டு. நாய்க்கோ நான்கு முதல் முப்பது படிகள் வரை இருந்தன. உழவு புகுந்த ஐரோப்பாவில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நாயெலும்புகளிலேயே இப்பெருக்கம் தொடங்கிவிட்டதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டிற்று. பயிர்த்தொழில் அறியாத ஆஸ்திரேலியப் பழங்குடியினரோடு வாழ்ந்த டிங்கோ நாய்களில் இப்படிகள் பெருகவில்லை என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். சோறு தின்னும் மனிதனுடன் இருந்த நாயே சோற்று நாய் ஆயிற்று.

மனிதனின் உமிழ்நீரில் மாச்சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். நாயின் உமிழ்நீரில் அது குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. நாய் மெல்லாமல் விழுங்குவதை நாம் அநாகரிகம் என்கிறோம். மென்றாலும் அதற்குப் பயனில்லை. அதன் சோறு செரிப்பது சிறுகுடலில், கணைய நீர் கலந்த பின்னரே. தென்பாண்டி நாட்டு வேட்டை நாய்கள் கூழும் கஞ்சியும் உண்டு முயலைத் துரத்தியது இவ்வகையில்தான். ‘நாய் வயிற்றில் நெய் தங்காது’ என்றொரு வழக்கு நம்மிடம் உண்டு. கயவனைக் குறிக்க அது உதவலாம். நாயைக் குறிக்க உதவாது. கொழுப்பைச் செரிப்பதில் நாய் மனிதனுக்குச் சளைத்ததன்று. பனிநாட்டில் வண்டியிழுக்கும் நாய்கள் தம் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொழுப்பிலிருந்தே பெறுகின்றன. பழக்கமில்லாத நாய்க்கு ஒரே நாளில் நெய்யை வார்த்தால் கணையம் புண்படும் என்பது வேறு செய்தி.

பூனையின் கதை வேறு. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதன் அருகே பூனை ஒன்றும் கிடத்தப்பட்டிருந்ததை 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர் வெளியிட்டனர். ஆகப் பூனையும் பழைய உறவினனே. ஆனால் அது வந்தது தானியம் தின்னவன்று. தானியம் தின்ற எலியைத் தின்ன. களஞ்சியம் பெருகப் பெருக எலி பெருகிற்று. எலி பெருகப் பெருகப் பூனையின் உணவு மாறவேண்டிய தேவையே எழவில்லை. மனிதன் வீட்டில் பல்லாயிரம் ஆண்டு இருந்தும், மனிதன் உணவை ஏற்காத விருந்தாளி அது.

தமிழ் நூல்களிலும் இது தெரிகிறது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்று வகுத்து, அதனைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு சேர்க்கிறது. வெருகின் குட்டியைக் கீரி, எலி, அணில் ஆகியவற்றின் குட்டியோடு சேர்க்கிறது. தின்பவனையும் தின்னப்படுபவனையும் ஒரே வரிசையில் அமர்த்திய இலக்கண நயம் தமிழாசிரியர்களுக்குச் சுவை தரும். குறுந்தொகையில் வெருகு மாலை வேளையில் மனைக் கோழியைக் கவர வரும் பகையாகவே வருகிறது. கம்பரோ அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை முழுவதும் நக்கிவிடப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். கடலளவு வேண்டா, ஒரு கிண்ணம் போதும் துன்பத்துக்கு. குட்டிப் பருவம் கடந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலின் சருக்கரையைச் செரிக்கும் நொதி மிகக் குறைந்துவிடுகிறது. செரியாத சருக்கரை குடலில் புளித்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனையின் ஆசையை அளவாகக் கொண்ட கம்பர் உவமை அதனால் குன்றிவிடவில்லை. இன்னும் கூர்மையாகிறது எனலாம்.

பூனையின் குடல், உடல் அளவை நோக்க, நாயின் குடலினும் குறுகியது. கணையத்தில் அமிலேசு சிறிதளவே ஊறும். நன்றாக வெந்த சோற்றை அது அறவே செரிக்காது என்பதன்று, ஓரளவு செரிக்கும். ஆனால் செரித்துக் கிடைத்த சருக்கரையை விரைந்து கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. இனிப்பை நாவால் உணரும் கருவியும் அதற்கு இல்லை. அதற்குரிய மரபணு பூனையினத்தில் பழுதுபட்டுக் கிடப்பதை 2005-ல் பிலடெல்பியா ஆய்வாளர் கண்டனர். தன் விருப்பப்படி வேட்டையாடித் திரியும் பூனையின் உணவைக் கணக்கிட்டவர்கள், அதன் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல் புரதத்திலிருந்தும், ஏறத்தாழ எஞ்சிய முழுவதும் கொழுப்பிலிருந்தும், மாச்சத்திலிருந்து நூற்றுக்கு இரண்டளவுமே வருவதாகக் கூறுவர். நாய்க்குப் புரதம் குறைந்தால் அதன் ஈரல் சிக்கனம் பிடிக்கும். புரதத்தை எரிக்கும் நொதிகளை அடக்கிக்கொள்ளும். பூனையின் ஈரல் சிக்கனம் அறியாதது. வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவு ஒரே அளவு. உணவில் இல்லையென்றால் தன் தசையையே எரிக்கத் தொடங்கும். ஆர்ஜினின் என்னும் ஒரேயொரு புரதக் கூறு இல்லாத ஒருவேளை உணவு, சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிப் பூனையை மயங்கச் செய்ததை 1978-ல் கலிபோர்னியாவில் மாரிசும் ரோஜர்சும் காட்டினர்.

உணவில் என்ன இருக்கிறது என்பதை அறிய மனிதன் நாயையே முதலில் வருத்தினான். 1816-ல் பாரிசில் பிரான்சுவா மாசாந்தி என்பவர் ஒரு நாய்க்குச் சருக்கரையும் தூய நீரும் மட்டுமே கொடுத்துவந்தார். முதல் வாரம் நாய் உற்சாகமாக இருந்தது. பிறகு இளைத்தது; விழிப்படலம் புண்ணாகித் துளைபட்டது; ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தது. எண்ணெய் மட்டும், வெண்ணெய் மட்டும், பிசின் மட்டும் கொடுத்த நாய்களும் பிழைக்கவில்லை. வயிறு நிறைவது ஒன்று, உடல் நிலைப்பது மற்றொன்று என்பது அன்று முதன்முதலாகச் சோதனையால் நிறுவப்பட்டது. பின்னர் 1889-ல் ஸ்திராஸ்பூர்க்கில் கணையம் நீக்கப்பட்ட நாய் நீரிழிவுக்கு உள்ளாயிற்று. அதிலிருந்து 1921-ல் தொரந்தோவில் இன்சுலின் பிறந்தது. செரிமானச் சுரப்பிகளை நாய்களில் ஆராய்ந்த பாவ்லவ் 1904-ல் நோபல் பரிசு பெற்றார். 1919-ல் இலண்டனில் எட்வர்டு மெல்லன்பி, கஞ்சி உண்டு எலும்பு வளைந்த நாய்க்குட்டிகளை மீன் ஈரல் எண்ணெயால் நிமிர்த்தினார். மக்காச்சோளமே உண்ட அமெரிக்க ஏழைகளின் பெலாகிரா நோயும், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயும் ஒன்றே என்று கோல்டுபெர்கர் கண்டதன் பயனாக, 1937-ல் விஸ்கான்சினில் எல்வெஜம் நிகோட்டினிக் அமிலத்தால் நாயின் நாக்கைச் சிவக்கச் செய்தார். நாய் வால் நிமிராது என்று சொல்லிக்கொண்டிருந்த நாம், நம் குழந்தைகளின் கால் எலும்பு நிமிர்ந்ததற்கு நாய்க்குட்டிக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் சோற்றின் இரகசியம் வெளிப்பட்டது ஐரோப்பாவிலன்று. பினாங்குக்கு அண்டையிலுள்ள ஜாவாவில். அதுவும் எச்சிற் சோற்றால். கைகால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் நின்று சாகும் பெரிபெரி நோய் டச்சுப் படைகளை அலைக்கழித்தது. காரணம் கிருமியாகத்தான் இருக்கும் என்று நம்பி, 1886-ல் பத்தாவியாவுக்கு வந்த ஆய்வுக் குழுவில் கிறிஸ்தியான் எய்க்மன் சேர்ந்தார். அவர் சோதனைச் சாலையில் வளர்ந்த கோழிகள் திடீரெனத் தள்ளாடி விழலாயின. சில திங்கள் கழித்துத் தாமே எழுந்தும் நடந்தன. விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் மறுபடியும் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, நோய் நீங்கிற்று. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றைத் திருப்பியது! பின்னர் வோர்டர்மன் என்பவர் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளில் கணக்கெடுத்து, தீட்டிய அரிசி உண்ட கைதிகளிடமே இந்நோய் மிகுதி எனக் காட்டினார். அரிசியில் நஞ்சிருக்கிறது, தவிட்டில் மாற்றுமருந்து இருக்கிறது என்று எய்க்மன் எண்ணினார். நஞ்சு இல்லை, தவிட்டோடு போய்விட்ட தேவையான ஒரு பொருளின் குறையே நோய் என்று 1901-ல் திருத்தியவர் அவருக்குப் பின் வந்த கிரின்ஸ். 1929-ல் நோபல் பரிசு எய்க்மனுக்குக் கிடைத்தது.

இனி மலாயாவுக்கு வருவோம். இங்கேதான் தமிழர் அறியாமலே சாட்சி சொன்னார்கள். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்குப் பலியாயினர். அதே வெயில், அதே மழை, அதே நெருக்கமான குடியிருப்பு. ஆனால் தமிழ்த் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் இந்த வேறுபாட்டை உற்றுநோக்கினார். மலாய்க்காரர் வீட்டிலேயே குத்திய அரிசியை உண்டனர். சீனர் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழரோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியையே விடாது கேட்டு வாங்கினர். 1907-ல் வெளிவந்த நூலில் பிராடன் நோய்க்குக் காரணம் பழைய பச்சரிசியில் தோன்றும் நஞ்சு என்று முடிவு கட்டினார். கண் சரியாகக் கண்டது. கருத்து வழி தவறிற்று.

சோதனையும் தொடர்ந்தது. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றை எண்ணினருக்குச் சயாம் வெள்ளையரிசி. இரட்டை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஓராண்டில், வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. அம்மனிதரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதா என்று இன்று நாம் வினவுகிறோம். அன்று எவரும் வினவவில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907 முதல் 1909 வரை நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஐயத்தை நீக்கினர். கோழிகளில் நடத்திய சோதனை, காப்பாற்றும் பொருள் தவிட்டில் உண்டு என்பதை உறுதிசெய்தது.

புழுங்கல் என்பது நம் வீட்டுத் தாய்மார்க்குப் புதிதன்று. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திப் பிறகு குத்துவது. அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்து நீரோடு உள்ளே ஊடுருவி அரிசிமணியில் படிந்துவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நெல் உடையாமல் குத்துவதற்கும், அரிசி நாட்பட இருப்பதற்கும் கண்ட உபாயம் உயிரையும் காத்தது. பச்சரிசி பூசைக்கும் விருந்துக்கும் உயர்ந்தது, புழுங்கல் உழைப்பாளிக்கு உரியது என்று தரம் பிரித்த நம் சமுதாயம், எது உயர்ந்தது என்பதை அறிந்திருக்கவில்லை. பச்சரிசியைத் தீட்டி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ்ச் சீமையில் அந்நிலை இல்லை. 1918-ல் நீலகிரிக் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் முதற்பெயரே பெரிபெரி விசாரணை என்பது. ராபர்ட் மெக்காரிசன் வளர்த்த அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. பெருமை பேசும் இடத்தில் ஒரு குறையும் சொல்லவேண்டும். மெக்காரிசன் பல்வேறு இந்திய மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தபோது, சீக்கியர் உணவு உண்ட எலி கொழுத்தது. சென்னை மாகாணத்து உணவு உண்ட எலி கடைசியில் நின்றது. புழுங்கல் பெரிபெரியைத் தடுத்தது. பாலும் பருப்பும் கீரையும் இல்லாத குறையை அது தீர்க்கவில்லை. தயமினின் கட்டமைப்பைக் கண்டு 1936-ல் அதனைச் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886-ல் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

உடலுக்குள் தயமின் செய்யும் வேலை என்ன? மாச்சத்து சருக்கரையாகி, சருக்கரை எரிந்து ஆற்றலாகும் வழியில் ஒரு கதவு உண்டு. அக்கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்று தயமின். சோறு மிகுந்து தயமின் குறைந்தால், பாதி எரிந்த பொருள்கள் கதவருகே தேங்குகின்றன. ஓயாது உழைக்கும் இதயமும் நரம்பும் முதலில் தளர்கின்றன. வளர்சிதை மாற்றம் என்று அறிஞர் கூறும் இந்த உள் நெருப்பு மனிதனுக்கும் நாய்க்கும் பூனைக்கும் பொது. ஆயினும் பூனையின் தயமின் தேவை நாயினதைவிடப் பன்மடங்கு மிகுதி.

இவ்விடத்தில் சூலியா தெரு மீனுக்குத் திரும்பவேண்டும். மீன் பூனையின் இயற்கை உணவு என்பது பொது நம்பிக்கை. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, கடலைக் கண்டதில்லை. பச்சை மீன் சிலவற்றில், சிறப்பாக அவற்றின் குடலில், தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அத்தகைய பச்சை மீனையே நாள்தோறும் தின்ற பூனை கழுத்து தொங்கி, தள்ளாடி, வலிப்புற்று விழும். பத்தாவியாக் கோழிக்கு வந்த துன்பமே இது, வேறு வழியாக வந்தது. மீனை வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். ஆக, சமைத்த மீன் நன்று என்று தோன்றும்.

ஆனால் மற்றொரு பொருள் உண்டு. அதன் பெயர் டாரின். நாய் அதனைத் தன் உடலிலேயே பெரும்பாலும் போதிய அளவு ஆக்கிக்கொள்ளும். பூனையால் ஆக்க முடிவது மிகக் குறைவு. பித்தநீர் செய்வதற்கு அது நாள்தோறும் செலவாகிக்கொண்டும் இருக்கிறது. தாவர உணவில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. 1975-ல் ஹேய்சும் உடன் ஆய்ந்தோரும், டாரின் இல்லாத உணவு உண்ட பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை மங்குவதை வெளியிட்டனர். நாய்க்கென விற்கும் தீனியையே தின்று வளர்ந்த பூனைகளிலும் அதே கேடு காணப்பட்டது. 1987-ல் கலிபோர்னியாவில் பயன் என்பவரும் குழுவினரும் இன்னும் திடுக்கிடும் செய்தியைக் கூறினர். பூனைக்கென்றே டப்பாவில் அடைத்து விற்ற தீனியை உண்ட பூனைகளின் இதயம் ஊதித் தளர்ந்து நின்றுபோவதற்கும் டாரின் குறைவே காரணம். டாரின் கொடுத்ததும் அவற்றுட் பல தேறின. அதன் பின்னர் உற்பத்தியாளர் டாரினைக் கூட்டினர்; அந்த இதய நோயும் அரிதாயிற்று. 1860-களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் நாய் பிஸ்கோத்து விற்கத் தொடங்கியது முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடைத் தீனி செய்து பழகியவர்கள், பூனையைச் சிறிய நாய் என்றே எண்ணியிருந்தனர். மஞ்சள் பூசணியிலும் காரட்டிலும் உள்ள நிறப்பொருளை நாய் உயிர்ச்சத்து ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையால் இயலாது என்பதையும் இதனோடு சேர்த்தெண்ணலாம்.

சோறு வைப்பவர் மனத்தில் அன்பே இருக்கிறது. நாய் அவ்வன்பை ஏற்று வாழ்ந்துவிடும். சோற்றோடு சிறிது ஊனும் கொழுப்பும் சேர்ந்தால் அதற்குப் பெருங்குறை இல்லை. பூனைக்கு மீனில் டாரின் உண்டு. ஆனால் டாரின் நீரில் கரைவது. கொதிக்கும்போது மீனை விட்டுக் குழம்புக்குள் சென்றுவிடுகிறது. அப்படியானால் குழம்பையே ஊற்றலாமே என்றால், நாசி கண்டார்க் குழம்பின் உயிர் வெங்காயம். உடன் பூண்டும் உண்டு. இவ்விரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குவன. நாய்க்கும் இவை ஆகா. பூனைக்கு மிகவும் ஆகா. வெந்தாலும் வதங்கினாலும் அக்கெடுதல் நீங்குவதில்லை. ஆதலின் தாளிப்பதற்கு முன், உப்பும் மிளகாயும் சேரா முன், தனியே சிறிது நீரில் அவித்து, அவித்த நீரோடு எடுத்துவைத்த மீன் துண்டே பூனைக்குரிய பங்கு. துறைமுக அரிசிக் கிடங்கில் எலி பிடித்துத் தின்ற பழைய பூனைக்கு இக்கணக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அரிசியைத் தின்று கொழுத்த ஓர் எலியின் உடலில் தயமினும் டாரினும் உயிர்ச்சத்து ஏ-யும் ஆர்ஜினினும் ஒருங்கே இருந்தன.